தேவதைக் கதையும் நவீன நாவலும்
டிக்கன்ஸின் நாவலொன்று பற்றிய சில சிந்தனைகள்

ஒரு நாவலிலே தேவதைக் கதையின் சாயல் இருக்கிறதென்று விமர்சகர் எவரேனும் எழுதினால், அதனைக் குற்றப்பத்திரிகையாகவே நம்மிற் பலர் வாசிக்கின்றனர். ஏழைப் பெண்ணைச் செல்வன் வலியவந்து மணக்கும் தொடர்கதைகளையும், தொலைந்த மைந்தன் இறுதி அத்தியாயத்திலே மச்சத்தால் இனங்காணப்படும் கதைகளையும் படித்துச் சலித்தவர்களுக்கு இவ்வெறுப்பு இயல்பானதே. வாழ்க்கையிலே தீராத முரண்பாடுகளை மந்திரக்கோலால் தீர்த்துவைக்கும் எழுத்து வாசகனை ஏமாற்றும் எழுத்து என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின் இதிலிருந்து, யதார்த்த நாவலாசிரியன் தேவதைக் கதையைத் தீண்டவே கூடாது என்ற முடிவுக்கு வருவோமாயின், உலக நாவல் இலக்கியத்தின் மிகச் சிறந்த படைப்புகள் சில நமக்கு விளங்காமலே போய்விடும்.

இதற்கு நேர் எதிரான போக்கொன்றும் உண்டு. எந்த நாவலை எடுத்தாலும் அதற்குள் ஒரு சிண்டரெல்லாவைத் தேடிப்பிடித்து, அத்துடன் விமர்சனம் முடிந்ததெனத் திருப்தியடைவோரின் போக்கு அது. ருஷ்ய அறிஞர் விளாடிமிர் புரொப் 1928இல் வெளியிட்ட நாட்டுக்கதை உருவவியல் ஆய்வையே இவர்கள் பெரிதும் துணைக்கழைப்பர். அஃபனாசியெவ் தொகுத்த கதைகளுள் 100 கதைகளை ஆராய்ந்த புரொப், பாத்திரங்கள் எத்துணை மாறினும் கதையின் செயற்கூறுகள் 31க்கு மேற்படுவதில்லை என்றும், அவை ஓர் ஒழுங்கிலேயே தொடர்கின்றன என்றும் காட்டினார். அரிய ஆய்வுதான். ஆனால் அவர் அதனை மாயக்கதைகளுக்கே உரியதாக வரையறுத்துக் கொண்டார். 1946இல் வந்த நூலிலே அக்கதைகளின் வேர்களைப் பண்டைச் சமுதாயத்தின் சடங்குகளிலும் வழக்கங்களிலும் தேடினார். முன்னைய நூலின் அட்டவணையை மட்டும் உருவியெடுத்துக் கொண்டோர் பின்னைய நூலைப் புரட்டியும் பார்ப்பதில்லை. ஒரு நாவலில் தேவதைக் கதை இருக்கிறது என்று கண்டபின்னர், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்ற வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவை எழுப்புதற்கு சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்னும் நாவலைவிடப் பொருத்தமான படைப்பு வேறொன்று இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

1860 டிசெம்பர் முதல் 1861 ஓகஸ்ட் வரை டிக்கன்ஸின் சொந்த வாரப் பத்திரிகையிலே தொடர்கதையாக வந்த நாவல் இது. கதையை வீட்டுத் திண்ணையிலே பாட்டி சொல்வதுபோலச் சொல்லிப் பார்க்கலாம். தாய் தந்தையற்ற சிறுவன் ஒருவன். அவனை அடித்து வளர்க்கும் கொடிய தமக்கை. அவள் கணவனோ ஏழைக் கொல்லன், நல்லவன். ஒரு மாலை சுடுகாட்டிலே பூதம்போல் ஒருவன் எழுந்து, உணவும் அரமும் கொண்டுவராவிடில் உன் ஈரலைத் தின்பேன் என மிரட்டுகிறான். சிறுவன் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பின்னர், கடிகாரங்கள் யாவும் நின்றுபோன மாளிகையொன்றுக்கு அவன் அழைக்கப்படுகிறான். அங்கே கிழிந்த மணக்கோலத்துடன் ஒரு முதியவள். அவள் பக்கத்திலே கல்நெஞ்சக்காரியான அழகி. ஒருநாள் எவரென்று தெரியாத புரவலரிடமிருந்து பெருஞ்செல்வம் வருகிறது. இரண்டு நிபந்தனைகள்: பெயரை மாற்றலாகாது, தந்தவர் யாரென்று கேட்கலாகாது. சிறுவன் கனவானாகி நகரத்துக்குச் செல்கிறான்.

அனாதை, கொடியவள், உதவி பெற்ற அந்நியன், உறங்கும் மாளிகை, அரசிளங்குமரி, கேட்கக்கூடாத கேள்வி. ஒன்றும் விடுபடவில்லை. இவையெல்லாம் எழுத்தாளரின் கையை மீறித் தாமாக வந்து விழுந்தவை என்று கொள்வதற்கும் இடமில்லை. தேவதைக் கதைகளைப் பற்றித் திட்டமான கருத்து உடையவர் டிக்கன்ஸ். அவருடைய ‘ஒலிவர் ருவிஸ்ட்’ நாவலுக்குச் சித்திரம் வரைந்த ஜோர்ஜ் குருக்ஷாங்க் பின்னாளிலே தீவிர மதுவிலக்குவாதியாகிப் பழைய சிறுவர் கதையொன்றுக்குள் மதுவிலக்குப் பிரசாரத்தைப் புகுத்தி வெளியிட்டார். அதனைக் கண்டித்து 1853இலே கட்டுரையொன்று எழுதிய டிக்கன்ஸ், இப்படியே போனால் சிண்டரெல்லா கதை என்னவாகும் என்பதைத் தாமே கேலியாக எழுதியுங் காட்டினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஹார்ட் ரைம்ஸ்’ நாவலிலே கணக்கையும் தகவலையும் மட்டுமே ஊட்டி, கதை கேளாது வளர்க்கப்பட்ட பிள்ளைகளின் பாழ்பட்ட வாழ்வைச் சித்திரித்தார். சமுதாயப் பிரச்சினைகளை எழுதுவதிலே அவருக்கு எவ்விதத் தயக்கமும் இருந்ததில்லை. நல்ல நோக்கத்தைக் கதையின்மேல் ஆணியடித்து மாட்டுவதையே அவர் எதிர்த்தார். நம் முற்போக்கு எழுத்தாளருட் சிலர் இவ்வழக்கை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

ஆனாலும் தேவதைக் கதையின் பயனை டிக்கன்ஸ் எப்போதும் ஒரேவிதமாகக் கண்டவர் அல்லர். 1837 தொடக்கம் 1839 வரை வெளிவந்த ‘ஒலிவர் ருவிஸ்ட்’டை நோக்குக. ஏழைகள் விடுதியிலே பிறந்து, பசியிலும் அடியிலும் வளர்ந்து, திருடர் கூட்டத்திடையே அகப்பட்ட சிறுவன் முதலிலிருந்து முடிவுவரை தூய ஆங்கிலமே பேசுகிறான். அழுக்கு அவன்மேல் ஒட்டுவதில்லை. இறுதியிலே அவன் கண்ணியமான குடும்பத்து இரத்தம் என்பது தெரியவருகிறது. சொத்தும் வந்து சேர்கிறது. விடுதியின் கொடுமையைச் சித்திரித்த பேனாவே, அக்கொடுமையிலிருந்து தப்பவேண்டியவன் உயர்குடியிற் பிறந்திருத்தல் வேண்டும் என்றும் எழுதிவிட்டது. மற்றைய சிறுவர்களின் கதி என்ன? தேவதைக் கதைக்கு அக்கேள்வி இல்லை. இங்கே தேவதைக் கதை யதார்த்தத்தை வென்றுவிட்டது. இரு தசாப்தங்கள் கழித்து அதே கதையை டிக்கன்ஸ் மீண்டும் எடுத்தபோது, அதனை உள்ளிருந்து திறந்து பார்க்கும் துணிவு அவருக்கு வந்திருந்தது.

எவ்வாறு திறந்தார்? தேவதைக் கதையை நாவலின் உண்மையாக வைக்காமல், கதாநாயகனின் நம்பிக்கையாக வைத்தார். பிப் தன் கதையைத் தானே, பல்லாண்டு கழித்துச் சொல்கிறான். ஆகவே சொல்பவன் அறிவான், வாழ்பவன் அறியான். புரவலர் யாரென்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஆயினும் மாளிகைக் கிழவியான மிஸ் ஹவிஷாமே அவர் என்றும், எஸ்தெல்லா தனக்கென்றே வளர்க்கப்படுகிறாள் என்றும், நின்ற கடிகாரங்களை ஓடச்செய்து, அடைத்த சாளரங்களைத் திறந்து அவளைக் கைப்பிடிக்க வேண்டிய வீரன் தானே என்றும் அவன் கதைகட்டிக் கொள்கிறான். புத்தாடை அணிந்து விடைபெற வந்தவன்முன் அவள் தன் ஊன்றுகோலை அசைக்கும்போது, தேவதை மந்திரக்கோலை அசைப்பதாகவே அவனுக்குத் தோன்றுகிறது. உண்மையிலே மிஸ் ஹவிஷாம் அவனுக்குச் செய்தது என்ன? அவனைக் கொல்லுலைத் தொழிலுக்குப் பயிற்சியாளனாக ஒப்பந்தம் செய்வதற்கு 25 கினி கொடுத்தாள். அவனைப் பட்டறையோடு பிணைத்த பணம் அது! தேவதையின் மெய்யான பரிசு கண்முன்னே இருக்க, அதை மறந்து பொய்யான பரிசொன்றைக் கற்பித்துக் கொள்கிறான் பிப்.

இம்மயக்கம் தனியொருவனின் அறியாமையன்று. எஸ்தெல்லா அவனை முதன்முறை கண்டபோது அவனது முரட்டுக் கைகளையும் தடித்த காலணிகளையும் ஏளனஞ் செய்தாள். அன்று வரை அவனுக்குத் தன் கைகள் வெறுங் கைகளே. அன்றிலிருந்து அவை ஒரு வர்க்கத்தின் கைகள். 1934இல் சோவியத் எழுத்தாளர் மாநாட்டிலே உரையாற்றிய மாக்சிம் கோர்க்கி, பறக்கும் கம்பளம் போன்ற கற்பனைகள் உழைப்பின் சுமையைக் குறைக்க விரும்பிய மக்களின் ஏக்கத்திலே பிறந்தவை என விளக்கினார். பிப்பின் கதையிலே அப்பழைய ஏக்கம் ஒரு விபரீதத் திருப்பம் எடுக்கிறது. சுமை குறையவேண்டும் என்ற விருப்பம், சுமப்பவர்களிடமிருந்து விலகவேண்டும் என்ற விருப்பமாக மாறிவிடுகிறது. தன்னைத் தோளிலே தூக்கி வளர்த்த ஜோ லண்டனுக்குப் பார்க்க வரும்போது, காசு கொடுத்தாவது அவனை வராமல் தடுத்திருப்பேன் என்று எண்ணும் அளவுக்கு அது செல்கிறது. (கடைத்தெருவிலே பிப்பின் கனவான் நடையைப் பின்தொடர்ந்து நடித்துக் காட்டிக் கேலி செய்யும் தையற்காரரின் வேலைப்பையன் ஒருவன் நாவலில் வருகிறான். இரண்டு பக்கமே வந்தாலும் அவன் ஒரு நல்ல விமர்சகன்.)

நாவலின் தலைப்பும் இவ்விடத்திலே கவனிக்கத்தக்கது. ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்பது அக்கால ஆங்கிலத்தில் எதிர்பார்ப்பை மட்டுமன்றி, வரவிருக்கும் சொத்துரிமையையும் குறித்தது. ஆசைக்கும் ஆஸ்திக்கும் ஒரே சொல்.

பிப்புக்கு 23 வயதானபோது, புயல் வீசும் ஓர் இரவிலே மாடிப்படியில் காலடியோசை கேட்கிறது. வந்தவன் மக்விச், அன்று சுடுகாட்டிலே உணவு கேட்ட கைதி. ஆயுட்காலத்துக்கு நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்டவன், திரும்பிவந்தால் மரணதண்டனை. செம்மறி வளர்த்து, கடுமையாக உழைத்து, தான் கரடுமுரடாக வாழ்ந்து சேர்த்ததையெல்லாம் அந்தச் சிறுவனுக்கு அனுப்பியவன் அவனே. இங்கும் தேவதைக் கதையின் விதி பிசகவேயில்லை என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். வழியிலே எறும்புக்கோ பாம்புக்கோ இரங்கி உதவியவனுக்கு அது பின்னர் கைம்மாறு செய்வது நம் நாட்டுக் கதைகளிலும் உள்ளதே. கதை தவறவில்லை. கதையிலே தேவதை யார் என்பதைத்தான் பிப் தவறாகப் படித்துவிட்டான். நன்றியுள்ள விலங்கின் இடத்திலே, காலில் விலங்கு பூட்டிய ஒரு மனிதன் நிற்கிறான். பிப்போ அவனைக் கண்டு அருவருப்பால் நடுங்குகிறான்.

நாவல் தேவதைக் கதையைப் பின்பற்றிக்கொண்டே அதிலிருந்து பிரியும் இடம் இதுவென்பது எமது கருத்து. தேவதைக் கதையிலே கொடைக்கு மூலம் இல்லை. பூசணிக்காய் தேராகும், அந்தப் பூசணியை யார் பயிரிட்டார் என்று எவரும் கேட்பதில்லை. டிக்கன்ஸ் கேட்கிறார். கனவானின் மேலாடைக்கும், விருந்துக்கும், படகுக்கும், பேச்சின் நயத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வெயிலிலே ஆடு மேய்த்த ஒரு குற்றவாளியின் உழைப்பிலிருந்து வந்தது. யாரென்று கேட்கக்கூடாது என்ற நிபந்தனை வெறும் கதைவழக்கு அன்று. அக்கேள்வி எழாதவரையில்தான் பிப் நிம்மதியாகக் கனவானாக இருக்கமுடியும். பிப் ஒருவனுக்கு மட்டும் உரிய நிபந்தனையா அது என்பதை 1861ஆம் ஆண்டு லண்டன் வாசகர்கள் தம்மைத் தாமே கேட்டிருக்கலாம்.

மக்விச்சின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகிறது. அவனுடைய முதல் நினைவே பசிக்குக் கிழங்கு திருடியதுதான். அவனைக் குற்றத்திலே பயன்படுத்திய கொம்பேசன் படித்தவன், நல்லுடை அணிந்தவன். இருவரையும் ஒரே குற்றத்துக்கு நீதிமன்றம் விசாரித்தது. கனவானுக்கு 7 ஆண்டு. மக்விச்சுக்கு 14 ஆண்டு. எஸ்தெல்லாவின் பிறப்பு இதனினும் கூர்மையானது. ஏழையாக வளர்ந்தவள் அரசன் மகளென்று தெரியவருவது பழங்கதை. இங்கோ அரசிளங்குமரியாக வளர்ந்தவள், நாடுகடத்தப்பட்ட கைதிக்கும், கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டு விடுதலையான பணிப்பெண்ணுக்கும் பிறந்த மகள் என்று தெரியவருகிறது. பிப்பின் முரட்டுக் கைகளைக் கண்டு சிரித்தவளின் இரத்தம் இது. ‘ஒலிவர் ருவிஸ்ட்’டின் இறுதி அத்தியாயத்தை டிக்கன்ஸ் தம் கையாலேயே தலைகீழாக எழுதியிருக்கிறார். மக்விச் பிடிபட்டு, 32 ஆண் பெண்களோடு ஒருங்கே நிறுத்தப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பட்டபின், தூக்குமேடைக்கு முன்பே சிறை மருத்துவக் கூடத்தில் இறக்கிறான். அவன் செல்வம் முழுவதும் முடிக்குச் சேர்கிறது. குற்றவாளியின் சொத்தை அரசு பறிக்கும் அச்சட்டம் இங்கிலாந்திலே 1870 வரை இருந்தது.

ஆயினும் டிக்கன்ஸ் கேட்ட கேள்வி ஓர் எல்லையிலே நின்றுவிடுகிறது. பிப்பின் நண்பன் ஹேர்பேட் தன் வியாபாரக் கனவுகளை விவரிக்கும் பகுதியை இலங்கை வாசகர் சிறிது நிதானித்தே படிப்பர். கிழக்கிந்தியாவிலிருந்து பட்டும் வாசனைத் திரவியமும், மேற்கிந்தியாவிலிருந்து சீனியும் றம்மும் கொண்டுவரப் போகிறானாம். இலங்கையிலிருந்து சிறப்பாக யானைத் தந்தம்! இலங்கை யானைகளுள் தந்தமுள்ளவை மிகச் சிலவே. ஹேர்பேட்டின் இலங்கையும் ஒரு தேவதைக் கதைதான். இந்த நாவல் வெளிவந்த காலத்து இலங்கையிலே கோப்பித் தோட்டங்கள் மலைகளை மூடியிருந்தன. தென்னிந்தியாவிலிருந்து நடந்தே வந்த தமிழ்க் கூலிகள் அவற்றிலே உழைத்தனர். அவ்வுழைப்பின் பயனே லண்டன் கணக்கறைகளுக்குக் கப்பலேறியது. ஹேர்பேட்டின் பேச்சை நாவலாசிரியர் மெல்லிய நகைப்புடனேயே எழுதுகிறார் என்பது உண்மை. ஆனால் இறுதியிலே பிப்புக்கு அவர் தேடிக்கொடுக்கும் நேர்மையான பிழைப்பு எது? கெய்ரோவிலே அதே வியாபார நிறுவனத்தின் கிளையிலே உத்தியோகம். மக்விச்சின் பணத்துக்குக் கணக்குக் கேட்டவர், அந்நிறுவனத்தின் பணத்துக்குக் கேட்கவில்லை. மக்விச் ஆடு மேய்த்த நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதும் நாவலில் இல்லை. எட்வேட் செயித் 1993இலே வெளிவந்த தம் நூலில் இந்நாவலைப் பேரரசின் பின்னணியிலே வைத்து ஆராய்ந்தார். அவுஸ்திரேலிய நாவலாசிரியர் பீற்றர் கேரி 1997இலே கைதியின் பக்கமிருந்து கதையை மீண்டும் எழுதினார். விடுபட்ட கேள்வியைக் கேட்பதற்கு நாடு கடத்தப்பட்டவர்களின் மண்ணிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

ஜோவைப் பற்றியும் ஒரு சொல். பிப் நோயுற்றுக் கடனுக்காகக் கைதாகும் நிலையிலே, ஜோ வந்து பணிவிடை செய்து, அவன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் சொல்லாமற் போய்விடுகிறான். போகுமுன் கடனையும் தீர்த்திருக்கிறான். அத்தொகையை டிக்கன்ஸ் துல்லியமாகக் குறிப்பிடுகிறார்: 123 பவுண், 15 ஷில்லிங், 6 பென்ஸ். மாளிகையின் செல்வத்துக்கும் மக்விச்சின் செல்வத்துக்கும் கணக்கில்லை. கொல்லனின் பணம் பென்ஸ் வரை எண்ணப்படுகிறது. அத்தொகையைச் சேர்க்க எத்தனை இலாடம் அடித்திருப்பான் என்று வாசகன் எண்ணாமலிருக்க முடியாது. ஜோவை நன்மையின் வடிவமாகவே தீட்டி, அவனுக்குக் கோபமோ எதிர்ப்போ இல்லாமற் செய்தது டிக்கன்ஸின் குறை என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. பட்டறையிலே கோபம் கொண்ட தொழிலாளி ஒருவன் இருக்கிறான், ஓர்லிக். அவனையோ கொலைகாரனாக்கிவிட்டார்.

தமிழ் நாவலின் தொடக்கத்தை இதனோடு வைத்து நோக்குதல் பயனுடையது. 1879இல் வெளியான வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலே, ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாளுக்கு யானை மாலையிட, அவள் நாடாள்கிறாள். 1885இல் வந்த சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’யிலே, உயர்குடியிற் பிறந்த குழந்தை பெற்றோரைப் பிரிந்து வளர்ந்து மீண்டும் இனங்காணப்படுகிறது. புதிய வடிவமொன்றைப் பழகிக்கொள்ளும் சமுதாயம் தனக்குத் தெரிந்த கதையச்சிலேயே அதனை வார்த்துப் பார்ப்பது இயல்பு. அம்முன்னோடிகளை இதற்காகக் குறைகூறுவது வரலாற்றுணர்வு அற்ற செயல். ஆனால் அவர்களுக்குப் பின் வந்த வணிகத் தொடர்கதைகளுக்கு அச்சமாதானம் பொருந்தாது. அவற்றிலே பணக்காரக் கதாநாயகன் கார்க்கதவைத் திறந்து இறங்குகிறான். அவன் தந்தைக்குத் தோட்டமோ ஆலையோ இருப்பதாக ஒரு வரி வரும். தோட்டத்திலே கொழுந்து பறித்தவள் கதைக்குள் வருவதில்லை. மக்விச் மாடிப்படி ஏறிவராத ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ அவை.

நாவலின் முடிவுபற்றி இலக்கிய உலகிலே பழைய விவாதமொன்றுண்டு. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவிலே, கணவனை இழந்து மருத்துவர் ஒருவரை மறுமணஞ் செய்துகொண்ட எஸ்தெல்லாவைப் பல்லாண்டு கழித்து லண்டன் வீதியிலே பிப் தற்செயலாகக் காண்கிறான். ஜோவின் சிறுமகன் அவனோடு நிற்கிறான். அது பிப்பின் பிள்ளை என்றே அவள் எண்ணுகிறாள். கைகுலுக்கிப் பிரிகின்றனர். அச்சுக்குப் போகுமுன் நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் படித்துவிட்டு, இது வேண்டாம் என்றார். டிக்கன்ஸ் இணங்கி, இடிந்த மாளிகைத் தோட்டத்திலே இருவரும் சந்தித்துக் கைகோத்து வெளியேறும்படி மாற்றினார். முதல் முடிவை 1874இலே ஜோன் ஃபோர்ஸ்டர் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வெளியிட்டபின்னரே உலகம் அறிந்தது.

எமக்கு முதல் முடிவே உகந்தது. வீதியின் இரைச்சலிலே, குழந்தையைப்பற்றிய ஒரு தவறான எண்ணத்தோடு அவள் வண்டி நகர்ந்து போவது அந்த நாவலுக்கு உரிய முடிவு. ஆயினும் இரண்டாவதை வெறும் சமரசமென்று தள்ளிவிடவும் இயலவில்லை. மணமேடையை எதிர்பார்த்து வந்த வாசகனுக்கு டிக்கன்ஸ் காட்டுவது வீடு இடித்து அகற்றப்பட்ட வெற்றுநிலமும், மதிற்சுவரும், மூடுபனியுமே. அவர்கள் சேர்ந்தார்களா என்பதையும் அவர் சொல்லவில்லை. இனிப் பிரிவு உண்டா இல்லையா என்பதைப் பற்றிய கடைசி வாக்கியத்தைப் பிற்பதிப்பொன்றிலே மீண்டும் எடுத்து, சொற்களை இடம் மாற்றி, முன்னிலும் ஐயத்துக்கு இடமாகவே விட்டிருக்கிறார்.